கேட்கத் தெரிந்தவள்

குடிவந்த அன்றே எங்கள் காம்பவுண்டில் இருந்த மற்ற நாலு வீட்டிலும் அவள் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டாள். என்னிடம் ஏணி. எதிர்வீட்டு டீச்சரிடம் மொட்டைமாடிச் சாவி. கடைசி வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர். முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரரிடம் கேட்டதுதான் பெரிது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வாடகையையே சொல்லுகிற மனிதர் அவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபம் வந்தால் வெளியிலும் தெலுங்கு வந்துவிடும்.

"ஏமம்மா! வந்து ரெண்டு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள கூரையில ஓட்டை போடணுங்கிற?"

"தொட்டில் கட்டணுமே ஐயா. புள்ள எங்க தூங்கும்?"

இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. அது வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தது. சாயங்காலம் அவரே ஆளைக் கூட்டிவந்து, தான் பக்கத்தில் நின்று, மேலே கொக்கி போட வைத்தார்.

நான் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது அவள், கூச்சம் எனக்கு. என் சுபாவம் அப்படி. பஸ்ஸில் மழைச்சாரல் அடித்தால் முன்சீட்டுக்காரரிடம் ஜன்னலை இறக்கச் சொல்ல எனக்கு நா எழாது. ராஜபாளையம் வந்து சேரும்வரை நனைந்துகொண்டே வருவேன். கணவர் போன பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. நான் பேண்டேஜ் துணி பாக்கெட் போடும் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அவள் எனக்கு அடுத்த வீடு. ஒரே சுவர்.

அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. கணவர் ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே பனிமலையில், எல்லையில் இருந்தார். காம்பவுண்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஆரம்பித்து, நாளடைவில் 'மிலிட்டரி' என்றே ஆகிவிட்டது. "மிலிட்டரி எங்க காணோம்?" "மிலிட்டரி மாடியில துணி காயப்போடுது." நானும் அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் "எழுதுங்களேன்க்கா" என்றுதான் சொல்லுவாள். கேட்க எனக்குத்தான் கூச்சம்.

"இல்லைன்னுதான சொல்லுவாங்க?" என்பாள் அடிக்கடி. "இல்லைன்னு சொன்னா நமக்கு என்ன கொறைஞ்சு போச்சு? கேக்கறதுக்கு முன்னாடியும் நம்மகிட்ட அது இல்லதான?"

இதை அவள் எங்கே படித்தாள் என்று ஒருநாள் கேட்டேன். சொந்த ஊரான வ. புதுப்பட்டியில், அவள் அப்பாவிடம் என்றாள். அவருக்குக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் தென்னை. வாய் திறந்து ஒன்றும் கேட்காத மனிதர். வாய்க்காலில் தன் முறைத் தண்ணீரை வேறொருவர் திருப்பிக்கொண்டு போனாலும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டு இருப்பாராம். "எங்கப்பா நல்ல மனுசன்க்கா. ஆனா வயலு காய்ஞ்சு போச்சுல்ல? பன்னெண்டு வயசுல நான்தான் போயி கேட்டேன். அண்ணே, இது எங்க முறை இல்லையான்னு கேட்டேன். மடைய மாத்தி விட்டுட்டுப் போயிட்டாரு. அம்புட்டுத்தான்."

பெண் பார்க்க வந்த அன்றும் கேட்டிருக்கிறாள். பையனிடம் எல்லாருக்கும் முன்னால் ஒரே கேள்வி.

"வருசத்துக்கு எத்தன நாள் வீட்டுல இருப்பீய?"

அவர் கொஞ்சம் யோசித்திருக்கிறார். "ரெண்டு மாசம். அதுக்கு மேல கொஞ்சம் கேட்டா குடுப்பாங்க."

"அப்ப கேட்டு வாங்குங்க."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்களாம், பையனைத் தவிர. திரும்பிப் போகும் வழியிலேயே அவர் தன் அம்மாவிடம், "இதுவரைக்கும் பாத்ததுல நெசத்தக் கேட்டது இந்தப் பொண்ணுதான்" என்று சொல்லியிருக்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒருமுறை அவளோடு போனேன். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்க வேண்டும். அது இருந்தால்தான் ராணுவக் கணக்கில் பிள்ளையாக ஏற்றுவார்கள். அலுவலகத்தில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போடுகிறவரின் நாற்காலி காலி. காலையிலிருந்து அப்படித்தானாம். விசிறிக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவள் கால் மணி நேரம்தான் உட்கார்ந்தாள்.

"சார் எப்ப வருவாங்க?" என்று மேஜையில் இருந்தவரிடம் கேட்டாள்.

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. நிஜமாகவே யாருக்குத் தெரியும் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறாள்.

"அவருக்குத்தான் தெரியும்" என்றார்.

"அப்ப ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். இங்க பாருங்க, அந்தப் பெரியவரு கிருஷ்ணன்கோவிலுக்கு அங்கிட்டு இருந்து வந்துருக்காரு. சாப்பிடப் போகட்டுமா, இருக்கட்டுமான்னாவது தெரியணும்ல?"

போன் போட்டார். இருபது நிமிஷத்தில் அந்த அதிகாரி வந்துவிட்டார். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. "நீ மொதல்ல போம்மா, உன்னாலதான்" என்றார்கள். அவள் போகவில்லை. வந்த வரிசைப்படி முப்பத்தெட்டாவது ஆளாக நின்று, குழந்தையைத் தோள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, வாங்கினாள்.

எங்கள் கம்பெனியில் பாக்கெட் போடும் பெண்கள் ஷிப்டு முழுக்க நின்றே வேலை செய்வோம். என் காலில் நரம்பு சுருண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா நிக்கீங்க?" என்றாள்.

"ஸ்டூல் கெடையாது."

"கேட்டீங்களா?"

இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. "நான் வேணா வந்து கேக்கட்டா?" என்றாள். உண்மையாகவே வந்துவிடுவாள் என்ற பயத்தில் மறுநாள் நானே மேனேஜரிடம் போய் நின்றேன். "இத்தன வருசமா ஒருத்தரும் சொல்லலியேம்மா" என்றார் அவர். அடுத்த வாரம் பதினோரு ஸ்டூல் வந்தது.

எல்லாருக்கும் அவளைப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். "அடக்கமில்லாத புள்ள. புருசன் பக்கத்துல இல்லாத தைரியம்" என்று தெருவில் பேச்சு உண்டு. எனக்கும் சில சமயம் எரிச்சல் வந்திருக்கிறது. அந்த எரிச்சல் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது.

குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. மலையடிவாரத்தில் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தோம், அவளும் நானும் டீச்சரும். ஓடையில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. குழந்தைக்குக் காலையிலேயே உடம்பு லேசாகச் சுட்டிருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. உச்சிவேளைக்குத் திடீரென்று கண் மேலே செருகி, கையும் காலும் வெட்ட ஆரம்பித்தன. நான் அலறிவிட்டேன். பஸ் போய்விட்டிருந்தது. ஆட்டோ ஒன்றும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. நின்ற ஒரே வண்டி, பூச்சரம் சுற்றிய ஒரு கல்யாணக் கார். மாப்பிள்ளையும் பெண்ணும் சாமி கும்பிட்டுவிட்டு அப்போதுதான் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

குழந்தையை ஒருக்களித்துப் பிடித்தபடி அவள் கார் ஜன்னலில் குனிந்தாள். "எம்புள்ளைக்கு வெட்டு வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவணும். நீங்க ரெண்டு பேரும் எறங்கிக்கிடுறீங்களா?"

பக்கத்தில் நின்ற உறவுக்காரர்கள் ஏதோ சொல்ல வாய் திறந்தார்கள். அதற்குள் கல்யாணப் பெண் மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். பட்டுச்சேலை மண்ணில் புரண்டது. மாலையும் கழுத்துமாக இருவரும் மாமரத்தடியில் நிற்பதைப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

வழி முழுக்க அவள் ஓட்டுநரிடம் மட்டும்தான் பேசினாள். இன்னும் எவ்வளவு தூரம், எந்த ஆஸ்பத்திரி பக்கம், ரயில்வே கேட் மூடியிருக்குமா. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். நாலாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் புதுமணத் தம்பதியின் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்துப் போனாள். "இந்தப் புள்ளதான்" என்று அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாளாம். கணவரிடம் இதையெல்லாம் சொன்னாயா என்றேன். "அன்னிக்கே சொல்லிட்டேன். அவியளும் புள்ளைக்கு அப்பாதான?" என்றாள்.

பால்கோவா விஷயம் எங்கள் தெருவே சொல்லிச் சிரிக்கிற கதை. கணவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்றால் உயிர். கடைக்காரரிடம் "இன்னிக்குக் கிண்டுனதா, நேத்து கிண்டுனதா?" என்று கேட்டு, புதுச்சட்டி இறங்கும்வரை நின்று வாங்கினாள். பிறகு நேரே ராஜபாளையம் ஸ்டேஷன். பச்சைப் பையும் ஒட்ட வெட்டிய முடியுமாக நிற்கிற பையன்களைப் பார்த்து, "தம்பி, எந்தப் பக்கம் போறீய?" என்று கேட்க வேண்டியது. லீவு முடிந்து திரும்புகிற ஒரு தம்பி டெல்லிவரை எடுத்துப் போனான். அங்கே அவள் போனிலேயே இன்னொருவரைப் பிடித்தாள். நாலு கை மாறி, மலைக்குக் கீழே இருந்த ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நாகர்கோவில்காரத் தம்பி வழியாக மேலே போய்ச் சேர்ந்தது. பதினெட்டு நாள் ஆனது.

"கெட்டுப் போயிருக்குமே" என்றேன்.

"பனிக்குள்ளல்ல இருக்காவ. எப்படிக் கெடும்?"

போனில் ஒரு படம் வந்தது. கண் மட்டும் தெரிகிற எட்டுப் பேர், ஆளுக்கொரு கரண்டி. அதில் தன் கணவர் யாரென்று அவள் எல்லாருக்கும் காட்டினாள். எனக்கு எட்டும் ஒன்றாகவே தெரிந்தது.

அந்த நாலு கைகளின் நம்பரும் அவளிடம் இருந்தன. அடுத்த தை மாதம் அவைதான் உதவின.

அந்தப் பகுதியில் பனிச்சரிவு என்று டிவியில் ஒரு வரி ஓடியது. பெயர் எதுவும் சொல்லவில்லை. அவருடைய போன் அதற்கு முந்தின நாளிலிருந்தே கிடைக்கவில்லை. நான் வேலைக்குப் போகவில்லை. காம்பவுண்டே அவள் வீட்டு வாசலில் கூடி நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போட்டாள். தெரிந்த இந்தியில் கேட்டாள், தெரியாததைத் தமிழில் கேட்டாள். விவரம் வரவில்லை, சொல்லுகிறோம், காத்திருங்கள் என்றே எல்லா இடத்திலும் பதில். காத்திருப்பது எத்தனை மணிவரை என்று அதையும் கேட்டாள்.

இரண்டாம் நாள் பகலில் நாகர்கோவில் தம்பி கிடைத்தான்.

"அக்கா, இப்பதான் ஹெலிகாப்டர்ல கொஞ்சம் பேரைக் கொண்டு வந்துருக்காவ. நான் விசாரிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

"கூப்பிட வேண்டாம் தம்பி. போன வைக்காம நடந்து போயி கேளுங்க. நான் லைன்ல இருக்கேன்."

அவன் நடக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கதவு திறக்கிற சத்தம். யார் யாரோ இந்தியில் பேசுவது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கணவரின் குரல் வந்தது. கரகரவென்று, தூரத்தில்.

"நாந்தான்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "எங்க அடி?"

"அடி இல்ல. கால்ல பனி கடிச்சிருச்சு. ரெண்டு வெரல எடுக்கணுங்காங்க."

"எந்தக் காலு?"

"இடது."

"சரி. சாப்பிட்டீயளா?"

போனை வைத்ததும் குழந்தையை என்னிடம் நீட்டினாள். "அக்கா, செத்த நேரம் வச்சுக்கிடுங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே சுவர் என்பதால் என் வீட்டுக்குள்ளும் அழுகை கேட்டது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டேன்.

அவர் இரண்டு மாத மருத்துவ விடுப்பில் வந்தார். அமைதியான மனிதர். காம்பவுண்டுக்குள் மெல்ல நடந்து பழகுவார். அந்த வருஷத்தோடு அவருக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. விருப்பமில்லை என்று எழுதிக்கொடுத்தால் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிடலாம். இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷம். மலைக்கு இனி அனுப்ப மாட்டார்கள். புதிதாகச் சேருகிற பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம், வந்துவிட வேண்டும். வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்குப் பேசியே வைத்துவிட்டார். புதுப்பட்டியிலிருந்து அவள் அப்பா வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்டறியாத அந்த மனிதர், வாசற்படியில் உட்கார்ந்து, துண்டை முறுக்கிக்கொண்டே மகளிடம் கேட்டார்.

"வந்துருங்கன்னு மாப்பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேளும்மா. எனக்காக."

அவள் அப்பாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க வாய் தொறந்து கேட்டதே எனக்கு எம்புட்டோ சந்தோசம்ப்பா. ஆனா இல்லப்பா. கேக்க மாட்டேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஊரில் எல்லாரிடமும் எல்லாம் கேட்கிறவள் இதை ஏன் கேட்கவில்லை? ஒருநாள் பகலில் அவள் கணவர் என்னிடமே வந்து நின்றார். "அக்கா, அவ ஒங்ககிட்ட எதாச்சும் சொன்னாளா? ஒரு வார்த்த கேட்டான்னா போதும். இருந்துருவேன்."

நான் மாடிக்குப் போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள். "அதான் கேக்கல."

ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "மத்தவங்ககிட்ட எது வேணாலும் கேப்பேன். பிடிக்காட்டி இல்லைன்னு சொல்லிருவாங்க. அவியளுக்கு எங்கிட்ட இல்லைன்னு சொல்லத் தெரியாதுக்கா. கேட்டா வந்துருவாவ. வந்து அந்த மில்லு கேட்டுல உக்காந்துருப்பாவ. போன வருசம் சின்னப் பயலுவளுக்குக் கயிறு கட்டச் சொல்லிக் குடுக்கத வீடியோல காட்டுனாவ. அந்த மொகத்த நான் பாத்துருக்கேன். நீங்க பாக்கல." அவள் குரல் உடைந்தது. "எனக்கு ஆசை இல்லைன்னு நெனைக்காதீங்க. நாக்கு நுனி வரைக்கும் வருது. ராத்திரி பூரா வருது."

முகத்தைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அன்று எனக்கு அவளைப் பார்க்க ரொம்பப் பெருமையாக இருந்தது. என் மகளாக இருந்திருந்தால் இதைவிடப் பெருமைப்பட்டிருக்க முடியுமா, தெரியவில்லை.

அவர் கையெழுத்துப் போட்டார். சாயங்கால வண்டியில் புறப்பட்டார். நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இடது காலைக் கவனமாக ஊன்றி நடந்தார். பையை ஏற்றிவிட்டுத் திரும்ப இறங்கி வந்து நின்றார். குழந்தைக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அது அவர் பேண்டைப் பிடித்து இழுத்தது.

"அப்பா, போகாம இங்கயே இருக்கீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை விலக்கவில்லை. "புள்ள கேக்கால்ல? பதில் சொல்லுங்க."

வலியோடு குந்தி உட்கார்ந்தார். குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா. அப்பா போவணும்" என்றார்.

குழந்தையின் உதடு பிதுங்கியது. அவள் குனிந்து அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள். "சரி. அப்பா இல்லைன்னுட்டாவ. வேற என்ன வேணும்? அதக் கேளு."

குழந்தை நிஜமாகவே யோசித்தது. ரயில் ஊதியது.

"அப்ப நாங்க அங்க வரலாமா?"

அவர் எழுந்து படியில் ஏறிக்கொண்டே, "வரலாம்தான். குவார்ட்டர்ஸ் கெடைக்கணுமே. எழுதிக் கேக்கணும். கெடைக்கறது கஷ்டம்னு..." என்று இழுத்தார்.

"யாரு சொன்னா கஷ்டம்னு?" இப்போது கேட்டது அவள். "கேட்டுச் சொன்னாங்களா, கேக்காமலே சொன்னாங்களா?"

வண்டி நகர்ந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, போயி எழுதுறேன்."

"எப்ப?" குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெட்டியோடு சேர்ந்து நடந்தாள். "எப்ப எழுதுவீய? எந்தக் கெழம?"

"வியாழக்கெழம!" என்று கதவிலிருந்து கத்தினார்.

குவார்ட்டர்ஸ் கிடைக்க ஏழு மாதம் ஆனது. அதுவரை ஒரு வியாழக்கிழமைகூட விடாமல் அவள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.